எழுபத்தாறு கோல் அடித்தும் வெண்கலம்: ஆசிய ஹொக்கியில் பலமான அணி எது?

2025 செப்டெம்பர் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜெயபுரம் சந்தித் தேநீர்க்கடை வாங்கில் ஆறேழு பேர் ஒரேயொரு கைபேசியைச் சுற்றி இருந்தோம். பீஹார் மாநிலத்தின் ராஜ்கிரில் ஆசியக் கிண்ண ஹொக்கி இறுதிப் போட்டி. நாங்கள் பிளேன்ரீயை வாயில் வைப்பதற்குள்ளேயே, முதல் நிமிடத்தில், சுக்ஜீத் சிங் கோல் போட்டுவிட்டார். முடிவில் இந்தியா 4, தென்கொரியா 1. இந்தியாவுக்கு இது நான்காவது ஆசியக் கிண்ணம்.

போட்டி முடிந்த பிறகுதான் கடையில் உண்மையான ஆட்டம் தொடங்கியது.

"பாகிஸ்தான் வராத கிண்ணத்தை வெண்டுபோட்டு இதென்ன பெரிய கொண்டாட்டம்?" என்று ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் தொடக்கிவைத்தார்.

"வந்திருந்தாலும் என்ன மாஸ்டர்? பத்துக்கு ரெண்டு மறந்துபோச்சோ?" என்றான் உழவு இயந்திரம் ஓடும் தம்பி.

"எண்பத்திரண்டிலை டெல்லியிலை ஏழுக்கு ஒண்டு. அதையும் சேர்த்து எழுதிவை!"

"நீங்கள் ரெண்டு பேரும் இந்தியா, பாகிஸ்தான் எண்டே நில்லுங்கோ. மலேசியாக்காரர் ரெண்டு பேரையும் எத்தினை தரம் அழவைச்சவங்கள்" என்றார் மூன்றாமவர். அவருடைய மூத்த அக்கா கிள்ளானில் இருக்கிறார். மலேசியா விளையாடினால் அவருக்கு வேறு அணி கண்ணுக்குத் தெரியாது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கோப்பை கழுவிக்கொண்டிருந்த கடைக்காரரின் மகள், பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, எங்கடை நாடு இதிலை எத்தினையாம் இடம்?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. இலங்கை அந்தப் போட்டித் தொடரிலேயே இல்லை.

ஜெயபுரம் கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேச செயலர் பிரிவிலுள்ள ஊர். இங்கே உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் கிரிக்கெட்டும் உண்டு. ஹொக்கி மட்டையைக் கையில் பிடித்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் மற்ற நாடுகளின் பலத்தைப் பற்றி இரவு பத்து மணிவரை வாதிட எங்களால் முடிகிறது. அந்த வாதத்தில் எது சரி, எது பிழை என்று பார்ப்பதும், அந்தப் பிள்ளையின் கேள்விக்கு ஒரு நேர்மையான பதிலைத் தேடுவதுமே இக்கட்டுரை.

பட்டியல் என்ன சொல்கிறது?

முதலில் மாஸ்டரின் பக்கம். ஆசிய விளையாட்டு விழாவில் ஆடவர் ஹொக்கி 1958இல் அறிமுகமானது. அன்றிலிருந்து 2023இல் ஹாங்சோவில் நடந்த விழா வரையில் பாகிஸ்தான் 8 தடவைகள் தங்கம் வென்றிருக்கிறது. இந்தியா 4, தென்கொரியா 4, ஜப்பான் 1. உலகக் கிண்ணத்தை பாகிஸ்தான் 1971, 1978, 1982, 1994 ஆகிய 4 ஆண்டுகளில் வென்றது. இந்தியாவிடம் இருப்பது 1975இன் ஒரேயொரு உலகக் கிண்ணம். மாஸ்டர் சொன்ன 1982 டெல்லி இறுதிப் போட்டியும் உண்மை. சொந்த மண்ணில், நிறைந்த அரங்கின் முன், இந்தியா 1-7 என்று தோற்றது.

தம்பியின் பக்கமும் உண்மைதான். 2023 செப்டெம்பர் 30ஆம் திகதி ஹாங்சோவில் இந்தியா பாகிஸ்தானை 10-2 என்று வென்றது. அந்த விழாவில் தங்கமும் இந்தியாவுக்கே. ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 8 தங்கங்கள். டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்து வெண்கலம். பாகிஸ்தானோ 2016, 2020, 2024 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளுக்கும் தகுதி பெறவில்லை.

ஆசியக் கிண்ணத்தை எடுத்தால் கதை வேறு. அதில் அதிக தடவைகள் வென்றது இந்த இரண்டு நாடுகளுமல்ல. தென்கொரியா 1999, 2009, 2013, 2022 உட்பட 5 தடவைகள் வென்றிருக்கிறது. இந்தியா 2003, 2007, 2017, 2025. பாகிஸ்தான் 1982, 1985, 1989. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. 2007இல் இந்தியா வென்றது சென்னையில். தென்கொரியாவை 7-2 என்று வீழ்த்தியது.

மலேசியாவின் பெயர் இந்தப் பட்டியல் எதிலும் முதலிடத்தில் இல்லை. ஆசிய விளையாட்டு விழாவில் 2010இலும் 2018இலும், ஆசியக் கிண்ணத்தில் 2017இலும் 2022இலும் இறுதிவரை வந்து தோற்ற அணி அது.

ஆக, எந்தப் பட்டியலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எவரும் வெல்லலாம். கிண்ணங்களின் எண்ணிக்கை ஒரு நாட்டின் ஹொக்கி வரலாற்றைச் சொல்லும். இன்று மைதானத்தில் இறங்கும் பதினொரு பேரின் பலத்தை அது சொல்லாது.

எழுபத்தாறு கோல்களின் கதை

கோல் எண்ணிக்கையாவது சொல்லுமா? தம்பியின் வாதம் முழுக்க அதில்தான் நின்றது. அதற்கு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவைவிட நல்ல பாடம் கிடையாது.

குழுநிலையில் இந்தியா ஐந்து போட்டிகளில் விளையாடியது. இந்தோனேசியாவுக்கு எதிராக 17-0. ஹொங்கொங்குக்கு எதிராக 26-0. ஜப்பானுக்கு எதிராக 8-0. தென்கொரியாவுக்கு எதிராக 5-3. கடைசியாக இலங்கைக்கு எதிராக 20-0. மொத்தம் 76 கோல்கள்; வாங்கியது 3. பத்திரிகைகள் எல்லாம் தங்கம் நிச்சயம் என்று எழுதின.

அரையிறுதியில் மலேசியா வந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. பிறகு சூட்அவுட். ஹொக்கியில் சூட்அவுட் என்பது உதைபந்தாட்டத்தைப் போல ஒரே இடத்தில் நின்று அடிப்பதல்ல. 23 மீற்றர் கோட்டிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஓடி, 8 செக்கனுக்குள் கோல் காப்பாளரை ஏமாற்றிப் போட வேண்டும். மலேசியாவின் காவலில் நின்றவர் குமார் சுப்பிரமணியம், வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்த மலேசியத் தமிழர். இந்தியா 6-7 என்று தோற்று வெளியேறியது. கிள்ளான் அக்காவின் தம்பி அன்றிரவு பட்டாசு கொளுத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இறுதிப் போட்டியில் ஜப்பானும் மலேசியாவும் 6-6 என்று சமநிலையில் நின்று, சூட்அவுட்டில் ஜப்பான் 3-1 என்று வென்றது. குழுநிலையில் இந்தியாவிடம் எட்டுக் கோல் வாங்கிய அதே ஜப்பான் தங்கம் பெற்றது. 76 கோல் அடித்த இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்று வெண்கலத்துடன் திரும்பியது. தங்கத்துக்கு நேரடி ஒலிம்பிக் வாய்ப்பு இருந்ததால் அந்த அரையிறுதித் தோல்வியின் விலை பதக்கத்தின் நிறத்தோடு முடியவில்லை.

இதிலிருந்து எடுக்க வேண்டிய முதல் விதி: பலவீனமான அணிக்கு எதிராக அடித்த கோல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ராஜ்கிரில் இந்தியா கஸகஸ்தானுக்கு அடித்த 15 கோல்கள் இந்தியாவின் பலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீனாவுக்கு எதிராக ஓகஸ்ட் 29இல் 4-3 என்று தடுமாறி வென்றதும், அதே சீனாவை செப்டெம்பர் 6இல் 7-0 என்று வென்றதும்தான் சொல்கின்றன. எட்டு நாட்களுக்குள் அந்த அணி எவ்வளவு சீர்செய்துகொண்டது என்பது அங்கே தெரிகிறது. தென்கொரியாவுடன் 2-2 என்று நின்று, நான்கு நாட்களில் 4-1 என்று வென்றதும் அப்படியே.

10-2க்கும் இதே விதி பொருந்தும். அதற்கு அடுத்த ஆண்டு, 2024 செப்டெம்பரில், சீனாவின் ஹுலுன்புயரில் நடந்த ஆசியச் சம்பியன்ஸ் கிண்ணத்தில் அதே பாகிஸ்தானை இந்தியாவால் 2-1 என்றுதான் வெல்ல முடிந்தது. மாஸ்டருக்கு இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

எதைப் பார்க்க வேண்டும்?

நான் பள்ளிக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பருவம் மட்டும் ஹொக்கி விளையாடியவன். பெரிய ஆட்டக்காரனல்ல. ஆனால் அந்த ஒரு பருவத்தில் கற்றதும், பின்னர் பார்த்துப் பழகியதும் சேர்ந்து, ஓர் அணியை எடைபோட மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

முதலாவது, பெனால்டி கோர்னர். ஹொக்கியில் கோல் செல்லுபடியாக வேண்டுமென்றால் கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ 14.6 மீற்றருக்குள், தாக்கும் அணியின் மட்டை பந்தில் பட்டிருக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் தடுப்பவர் பிழைவிட்டால் பெனால்டி கோர்னர். கோல் காப்பாளருடன் சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்கலாம்; மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். இறுதிக் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள, வட்டத்தின் விளிம்பில் ஒருவர் நிறுத்த, மூன்றாமவர் மட்டையால் பந்தை இழுத்துச் சுழற்றி எறிவதுபோல அடிக்கிறார். இதுதான் டிராக் ஃபிளிக். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் இந்தக் கலையால் சர்வதேசப் போட்டிகளில் 348 கோல்கள் போட்டார். இன்று இந்தியாவின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் அதே வேலையைச் செய்கிறார். பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் ஒருவர் மட்டும் 10 கோல்கள்.

ஆகவே நல்ல டிராக் ஃபிளிக் வீரர் இருக்கும் அணி, ஆட்டம் முழுக்கப் பின்தங்கி நின்றாலும் ஒரு கோர்னரில் சமப்படுத்திவிடும். அந்த ஒருவரையே நம்பியிருக்கும் அணி, அவர் காயப்பட்டால் விழுந்துவிடும். ராஜ்கிர் இறுதிப் போட்டியில் எனக்குப் பிடித்த விடயம், ஹர்மன்பிரீத் கோல் போடாமலே இந்தியா நான்கு கோல் அடித்தது. தில்பிரீத் சிங் இரண்டு, சுக்ஜீத் ஒன்று, அமித் ரோஹிதாஸ் ஒன்று.

இரண்டாவது, கோல் காப்பாளர். 2018இல் குமார் சுப்பிரமணியம் செய்ததைப் பார்த்தோம். 2024 பாரிஸ் காலிறுதியில் பிரித்தானியாவுக்கு எதிராக ரோஹிதாஸ் 17ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மிச்ச ஆட்டம் முழுக்க இந்தியா பத்துப் பேருடன் நின்று 1-1 என்று தாக்குப்பிடித்து, சூட்அவுட்டில் 4-2 என்று வென்றது. அதற்குப் பெரும் காரணம் பி. ஆர். ஸ்ரீஜேஷ். பாரிஸுக்குப் பிறகு அவர் ஓய்வுபெற்றார். அந்த இடம் எப்படி நிரப்பப்படுகிறது என்பதை வைத்தே இந்தியாவின் அடுத்த சில ஆண்டுகளைக் கணிக்கலாம்.

மூன்றாவது, நான்காவது கால்பகுதி. இப்போது ஹொக்கி 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது. வீரர்களை எத்தனை தடவையும் மாற்றலாம். வெளியே போனவர் திரும்பவும் வரலாம். எனவே பதினொரு பேர் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. வாங்கில் இருப்பவர்களும் அதே தரத்தில் இருக்க வேண்டும். 2023 ஓகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசியச் சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டியில் மலேசியா இடைவேளைக்கு 3-1 என்று முன்னணியில் போனது. மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடத்தில் இந்தியா இரண்டு கோல் போட்டுச் சமப்படுத்தி, 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங்கின் கோலால் 4-3 என்று வென்றது. இடைவேளையில் கைபேசியை அணைத்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் நம்பவில்லை.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் இந்தியா இன்று ஆசியாவின் முதல் அணி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தம்பி நினைக்கிற அளவுக்கு எட்டாத உயரத்தில் இல்லை. ராஜ்கிருக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் ஐரோப்பாவில் நடந்த புரோ லீக் போட்டிகளில் அதே இந்தியா தொடர்ச்சியாக ஏழு ஆட்டங்களில் தோற்றது. அவற்றில் பல ஒரு கோல் வித்தியாசத்தில், கடைசி நேரத்தில் விட்டவை. மலேசியாவையும் கொரியாவையும் ஒரு நல்ல நாளில் எவரும் குறைத்து எடைபோட முடியாது.

மாஸ்டரின் முதல் கேள்விக்கும் பதில் இங்கே இருக்கிறது. 2025 மே மாத மோதலுக்குப் பிறகு பாகிஸ்தான், பாதுகாப்பைக் காரணம் காட்டி, ராஜ்கிருக்கு அணியை அனுப்பவில்லை. அந்த இடத்தில் பங்களாதேஷ் விளையாடியது. பாகிஸ்தான் இல்லாத தொடர் சுவை குறைந்த தொடர்தான். ஆனால் கொரியாவையும் மலேசியாவையும் சீனாவையும் ஜப்பானையும் தாண்டி எடுத்த கிண்ணத்தைச் செல்லாக் காசு என்று சொல்ல முடியாது.

காலுக்குக் கீழே இருப்பது

மேலே சொன்ன மூன்றும் அறுபது நிமிடத்துக்குள் தெரிபவை. அவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கு நிலத்தைப் பார்க்க வேண்டும்.

1976 மொன்றியல் வரை ஒலிம்பிக் ஹொக்கி இயற்கைப் புல்தரையில் நடந்தது. புல்லிலே பந்து துள்ளும், நிற்கும், திசை மாறும். அதைக் கட்டுப்படுத்த மணிக்கட்டு வேண்டும். இந்தியரும் பாகிஸ்தானியரும் அதில் விண்ணர்கள். மொன்றியலில் முதல் தடவையாகச் செயற்கைத் தரை வந்தது. அதுவரை ஏழு ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்த இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்குப் போனது. செயற்கைத் தரையில் பந்து நேராக, வேகமாக ஓடும். மணிக்கட்டைவிட ஓட்டமும் உடல்வலுவும் திட்டமும் முக்கியமாகின. ஒரு தரை போடக் கோடிக்கணக்கில் செலவு. பெரிய போட்டிகளுக்கான தரைக்கு ஆட்டத்துக்கு முன் பல ஆயிரம் லீற்றர் தண்ணீர் வேறு தெளிக்க வேண்டும்.

எல்லாப் பழியையும் தரைமேல் போடவும் முடியாது. பாகிஸ்தான் செயற்கைத் தரையிலேயே 1984 ஒலிம்பிக் தங்கமும் 1994 உலகக் கிண்ணமும் வென்றது. அதன் வீழ்ச்சி பிறகு வந்தது. வங்கிகளும் ரயில்வேயும் விமான சேவையும் வீரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்திய ஏற்பாடு தளர்ந்தது. 2009இல் லாகூரில் இலங்கைக் கிரிக்கெட் அணி தாக்கப்பட்ட பிறகு வெளிநாட்டு அணிகள் வருவதும் நின்றது. வீட்டில் போட்டி இல்லை, கையில் வேலை இல்லை என்றால் எந்தப் பையன் மட்டையைப் பிடிப்பான்?

தென்கொரியா எதிர்ப்பக்கத்து உதாரணம். அங்கே ஹொக்கிக்கு நூறாண்டுப் பாரம்பரியம் இல்லை. சியோலில் விழா வருகிறது என்று தெரிந்ததும் திட்டமிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். 1986இல் ஆசியத் தங்கம், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி.

இந்தியாவின் மீட்சியும் அப்படித்தான். 2018 முதல் ஒடிசா மாநில அரசு தேசிய அணிகளுக்கு அனுசரணை வழங்குகிறது. 2018, 2023 உலகக் கிண்ணங்கள் இரண்டும் அந்த மாநிலத்திலேயே நடந்தன. ஆனால் ஒடிசா இதில் முதலிட்டதற்கு முன்பே அங்கே ஒரு விதை இருந்தது. சுந்தர்கர் மாவட்டத்தின் பழங்குடிக் கிராமங்களில் பிள்ளைகள் மரக்கிளையை வெட்டி மட்டையாக்கி விளையாடினார்கள். ஊர்ப் போட்டியில் வென்ற அணிக்குப் பரிசு ஓர் ஆட்டுக்கடா. அந்த மாவட்டத்துச் சவுனாமரா என்ற சிறிய கிராமத்திலிருந்துதான் இந்தியாவின் முன்னாள் தலைவர் திலீப் திர்க்கி வந்தார். ராஜ்கிர் இறுதிப் போட்டியில் கோல் போட்ட அமித் ரோஹிதாஸும் அதே ஊர்.

பஞ்சாபில் ஜலந்தருக்குப் பக்கத்திலுள்ள சன்சார்பூர் இன்னும் பழைய கதை. அந்த ஒரு கிராமம் 14 ஒலிம்பிக் ஹொக்கி வீரர்களைத் தந்தது. தமிழ்நாட்டில் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊரில் தலைமுறைகளாக அகில இந்தியப் போட்டி நடத்துகிறார்கள்; இப்போது செயற்கைத் தரையும் உண்டு. அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வம் 2023இல் சென்னை அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக கோல் போட்டபோது அரங்கு எழுந்து நின்றது.

இவை ஜெயபுரத்தைவிடப் பெரிய வசதி படைத்த ஊர்களாகத் தொடங்கியவையல்ல.

எங்களுடைய இருபது

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்வி.

இலங்கையில் ஹொக்கி இல்லாமலில்லை. மாத்தளை இந்நாட்டு ஹொக்கியின் தாய்வீடு. அங்கே பாடசாலைப் பிள்ளைகள் பள்ளிப் பையோடு மட்டையையும் கொண்டு திரிவார்கள். கொழும்பில் றீட் மாவத்தையில் செயற்கைத் தரை இருக்கிறது. கண்டியிலும் கொழும்பிலும் பாடசாலைகளும் படையணிகளும் விளையாடுகின்றன. தேசிய அணி இந்த வட்டத்துக்குள்ளிருந்துதான் பெரும்பாலும் தெரிவாகிறது.

அந்த அணி 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவிடம் 0-8 என்று தோற்றது. நான்கு ஆண்டுகளில் அது 0-20 ஆனது. ஆகாஷ்தீப் ஒருவரே ஆறு கோல். 2023 ஹாங்சோ விழாவின் ஆடவர் ஹொக்கியில் இலங்கை இல்லை. 2025 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிச் சுற்று வழியாகக் கிடைத்த இரண்டு இடங்களை ஓமானும் சீன தாய்பேயும் எடுத்தன.

20-0 என்பதைப் பார்த்து எங்கள் பையன்களுக்கு விளையாடத் தெரியாது என்று சொல்வது சுலபம். ஆனால் முன்பு சொன்ன விதியைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். இந்தியாவின் பலத்தை இந்த இருபது கோல் காட்டவில்லை என்றால், எங்கள் பலத்தையும் அது முழுதாகக் காட்டவில்லை. ஆண்டு முழுதும் உலகின் முதல் வரிசை அணிகளுடன் ஆடுகிற அணியும், எப்போதாவது ஒரு தொடர் கிடைக்கிற அணியும் ஒரே தரையில் நின்றன. அந்த வேறுபாட்டைத்தான் இருபது என்ற எண் காட்டுகிறது.

நான் அந்த ஒரு பருவம் விளையாடியபோது எங்கள் மைதானம் கிரவல். பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே துள்ளும் என்று தெரியாது. அதனால் நாங்கள் குனிந்து பந்தைத் தாழ்வாக எடுக்கப் பழகவேயில்லை. முகத்தைக் காப்பாற்றுவதே பெரும் பாடு. தென்னிலங்கையில் ஒரு போட்டிக்குப் போய், முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் இறங்கினோம். பந்து எங்கள் மட்டைக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. இடைவேளைக்கு முன்பே ஒன்பது கோல். எதிரணிப் பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று அன்று நினைத்து வெட்கப்பட்டேன். பல ஆண்டுகள் கழித்துத்தான், அவர்கள் வாரத்தில் மூன்று நாள் நின்ற தரையை நாங்கள் அன்றுதான் கண்டோம் என்பது உறைத்தது. அடுத்த ஆண்டு இடம்பெயர்வு வந்தது. மட்டைகள் எங்கே போயின என்று தெரியாது.

ஜெயபுரத்திலிருந்து கொழும்புத் தரைக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். ஒரு பிள்ளை அங்கே ஒரு நாள் பயிற்சிக்குப் போவதென்றால் இரவு பஸ், தங்குமிடம், சாப்பாடு, கூடவே ஒரு பெரியவர். நாளாந்தக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அது நடவாத காரியம். இப்படியிருக்க, "வன்னியிலிருந்து ஏன் ஒருவரும் தேசிய அணிக்கு வருவதில்லை" என்று கேட்பதில் பொருளில்லை.

என்ன செய்யலாம்?

ஜெயபுரத்துக்குச் செயற்கைத் தரை கேட்டு மனு எழுதும் எண்ணம் எனக்கில்லை. மழை பிந்தினால் கிணறு வற்றுகிற ஊரில், தரைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று கேட்க எனக்கே வாய் வராது. ஆனால் சுந்தர்கரில் தொடங்கியது ஆட்டுக்கடாவும் மரக்கிளையும்தான். தரை பிறகு வந்தது.

நடக்கக்கூடியவை மூன்று. ஒன்று, ஐவர் ஹொக்கி. முழுத்தரையின் பாதிக்கும் குறைவான இடம் போதும். கிரவல் தட்டிச் சமன்செய்த கரப்பந்து மைதானங்கள் இரண்டைச் சேர்த்தால் பழகலாம். இரண்டு, மாவட்டத்துக்கு ஒரு பாடசாலையிலாவது இருபது மட்டையும், ஒரு கோல் காப்பாளர் கவசமும், தெரிந்த ஓர் ஆசிரியரும். கவசம் இல்லாமல் பிள்ளையைக் கோலுக்குள் நிறுத்தக் கூடாது. பலமாக அடித்த பந்து கல்லுக்குச் சமம். மூன்று, வடக்கில் எங்காவது ஓரிடத்தில், எல்லா மாவட்டப் பிள்ளைகளும் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில், மணல் நிரப்பிய சாதாரணச் செயற்கைத் தரை ஒன்று. இந்த வகைக்குத் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் ஆண்டுதோறும் ஊருக்குச் செய்கிற உதவிகளில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும் என்று நான் நம்புகிறேன்.

2026 செப்டெம்பர் 19இல் ஜப்பானின் ஐச்சி - நாகோயாவில் ஆசிய விளையாட்டு விழா தொடங்குகிறது. ஜெயபுரம் சந்தியில் திரும்பவும் வாங்கு நிறையும். மாஸ்டர் பாகிஸ்தான் என்பார், தம்பி இந்தியா என்பான், கிள்ளான் அக்காவின் தம்பி பட்டாசு வாங்கிவைத்திருப்பார். இம்முறை நான் அவர்களிடம் நான்கு விடயம் கேட்கச் சொல்வேன்: சம அணியுடன் எப்படி ஆடியது, கோர்னரில் யார், கோலில் யார், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் யார் ஓடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதில் இதுதான்: "எங்கடை நாடு இந்தத் தொடரிலை இல்லை பிள்ளை. விளையாடத் தெரியாததாலை மட்டுமில்லை, விளையாட இடமும் ஆட்டமும் கிடைக்காததாலை."

அவள் கோப்பையைத் துடைத்து அடுக்கிவிட்டுக் கேட்டாள்: "அப்ப அந்த மட்டை என்ன விலை மாமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.